நம்ம தண்ணிக்கு ஒரு மீட்டர் வேணும்

எங்க வீட்டுல தண்ணிக்கு நாலு பேர் உண்டு. மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரி தண்ணி, கேன் தண்ணி. "ஒரு டம்ளர் தண்ணி கொடு"ன்னு யாராவது கேட்டா எங்க அம்மா "எந்தத் தண்ணி?"ன்னு திருப்பிக் கேட்பாங்க. மெட்ரோ தண்ணி சமைக்க, போர் தண்ணி துணி துவைக்கவும் பாத்ரூமுக்கும், கேன் தண்ணி குடிக்க. லாரி தண்ணி, மேல சொன்ன எதுவும் இல்லாதப்போ எல்லாத்துக்கும். முதல் வருஷம் ஹாஸ்டல்ல சேர்ந்தப்போ என் கோயம்புத்தூர் ரூம்மேட் கிட்ட இதைச் சொன்னேன், அவ விழுந்து விழுந்து சிரிச்சா. "எங்க ஊர்ல தண்ணின்னா தண்ணிதான்டீ"ன்னா. அப்புறம் அரை மணி நேரம் சிறுவாணி பெருமை. விடுங்க, அது தனிக் கதை.

நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு பெருசா எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா எடிட்டர் அண்ணாவைத் திட்டுங்க, அவர்தான் "நீ பேசுற மாதிரியே எழுது"ன்னு சொன்னவர்.

நான் மெக்கானிக்கல். ஒரு பம்ப் எவ்வளவு தண்ணி தள்ளுது, எந்த ஹெட்ல தள்ளுது, எஃபிஷியன்சி என்னன்னு கணக்குப் போட மூணு வருஷமா சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதனாலதான் ஒரு விஷயம் என்னை ரொம்ப உறுத்துது. சென்னை வீடுகள்ல பெரும்பாலானவற்றுக்குத் தண்ணி மீட்டரே கிடையாது. எவ்வளவு வந்தாலும் வராட்டாலும் ஒரே தொகைதான். கரண்டுக்கு மீட்டர் இருக்கு, கேஸ் சிலிண்டருக்கு எடை இருக்கு, மொபைல் டேட்டாவை எம்.பி. கணக்குல பார்க்கிறோம். தண்ணிய மட்டும் யாரும் அளக்குறது இல்ல. என் கருத்து இதுதான்: புது ஏரி, புது கடல்நீர்த் திட்டம்னு பேசுறதுக்கு முன்னாடி இந்த ஊர் தன் தண்ணிய அளக்கணும். வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு, நம்ம ஹாஸ்டல் உட்பட.

இதைச் சொன்ன உடனே "அப்போ ஏழைங்க தண்ணிக்குக் காசு கொடுக்கணுமா?"ன்னு நீங்க கேட்பீங்க. வர்றேன், அதுக்கும் வர்றேன். ஏன்னா அந்த ஏழைங்க லிஸ்ட்ல எங்க வீடும் இருந்துச்சு.

2019 ஜூன். நான் அப்போதான் பத்தாவது போயிருந்தேன் (ஆமா, பரீட்சையே எழுதாம பாஸான அதே பேட்ச்தான்). பெரம்பூர் பக்கம் ஒரு காம்பவுண்டு வீடு, ஆறு போர்ஷன், எல்லாருக்கும் சேர்த்து வாசல்ல ஒரே ஒரு அடிபம்ப். வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம்: அது நிலத்தடித் தண்ணிக்கான பம்ப் இல்ல, மெட்ரோ குழாய்த் தண்ணிக்கான பம்ப். குழாய்ல வர்ற தண்ணி தரை மட்டத்துக்கு மேல ஏறுற அளவுக்குக் கூட அழுத்தம் இல்லாததால, நாமளே அடிச்சு எடுக்கணும். அந்த மாசம் அந்தப் பம்ப் காத்து மட்டும்தான் கொடுத்துச்சு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்டக் காலி. லாரி எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. ராத்திரி பதினொன்னுக்கும் வரும், விடிகாலை நாலுக்கும் வரும். குடத்தை வரிசையில வெச்சுட்டு அம்மாவும் பக்கத்து போர்ஷன் ஆயாவும் மாத்தி மாத்தித் தூங்குவாங்க. ஒரு தடவை குடம் தள்ளி வெச்ச சண்டையில அந்த ஆயாவுக்கு நெத்தியில அடிபட்டுச்சு. அடிச்சவங்க யாரோ இல்ல, பத்து வருஷமா தீபாவளிக்கு எங்க வீட்டுக்குப் பலகாரம் கொடுத்து விட்டவங்க. அதுக்கப்புறம் அந்தப் பலகாரம் வரவே இல்ல.

அதே சமயம் ஐ.டி. கம்பெனிங்க சிலது "தண்ணி இல்ல, வீட்டுலேர்ந்து வேலை பாருங்க"ன்னு சொன்னது நியூஸ்ல ஓடுச்சு. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்லயே தண்ணி வந்துச்சு. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். எங்க அப்பா அதைப் பார்க்கவே போனாரு. மாலை போட்டு வரவேத்தாங்கன்னு வந்து சொன்னாரு.

இப்போ காலேஜ் வந்த பிறகு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பஞ்ச காலத்துலயே ஊருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 52.5 கோடி லிட்டர் கொடுத்துட்டு இருந்தாங்க. 25 லட்சம்ங்கிறது அதுல 210ல ஒரு பங்கு. ஒரு நாளை 210ஆ வகுத்தா ஏழு நிமிஷம். அதாவது 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்து ஒரு முழு ரயில் வண்டி கொண்டு வந்தது இந்த ஊரோட ஏழு நிமிஷத் தண்ணிய. ரயில் விட்டது தப்புன்னு சொல்லல. அந்த நிலைமையில ஏழு நிமிஷமும் பெருசுதான். ஆனா நாம எல்லாரும் ரயிலைப் பார்த்துக் கைதட்டினோமே ஒழிய, அந்த 52.5 கோடி எங்கெங்க போச்சுன்னு கேட்கல. எந்தத் தெருவுக்கு எவ்வளவு, எந்த வீட்டுக்கு எவ்வளவு, எவ்வளவு மண்ணுக்குள்ள ஒழுகிச்சு? பதில் சொல்ல மீட்டர் வேணுமே.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம். இந்த ஊருக்குத் தண்ணி கொண்டு வந்த கதை ரொம்பப் பழசு. ஃப்ரேசர்ங்கிற இன்ஜினியர் போட்ட திட்டப்படி கொசஸ்தலையாத்துத் தண்ணிய சோழவரம், செங்குன்றம் வழியா இழுத்து 1872ல ஊருக்குள்ள கொண்டு வந்தாங்க. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914. அப்புறம் பூண்டி. சத்தியமூர்த்தி மேயரா இருந்து போராடி வாங்கின திட்டம் அது. 1943ல அவர் இறந்துட்டாரு, அடுத்த வருஷம்தான் அணையைத் திறந்தாங்க. அதனாலதான் அதுக்கு சத்தியமூர்த்தி சாகர்னு பேர். அந்தக் காலத்துல ஊரோட ஜனத்தொகை எட்டு லட்சத்துக்கும் கம்மி. 2011 கணக்கெடுப்புல பழைய எல்லைக்குள்ளயே 46 லட்சம். அதே 2011ல மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426ஆ பெருசாக்கினாங்க. ஒரே நாள்ல வரைபடம் ரெண்டரை மடங்கு ஆயிடுச்சு. குழாய் அப்படி ஒரே நாள்ல வளராது இல்லையா? அந்த இடைவெளியிலதான் லாரி ஓடுது. பழைய மகாபலிபுரம் ரோட்டுல முப்பது மாடி அப்பார்ட்மெண்ட் கட்டி, ஸ்விம்மிங் பூல் படம் போட்டு விளம்பரம் பண்ணி, கடைசியில கேட் வாசல்ல வரிசையா நிக்கிறது லாரிங்கதான்.

அளவு பத்தி இன்னொரு கணக்கு. சென்னையில வருஷத்துக்குச் சராசரியா சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யுது. 426 சதுர கிலோமீட்டரால பெருக்கிப் பாருங்க, சுமார் 21 டி.எம்.சி. வரும். மேல சொன்ன நாலு ஏரியும் நிரம்பி வழிஞ்சாலும் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 டி.எம்.சி. சொச்சம்தான். ஊர் தலை மேல விழுறது, ஊரோட ஏரிங்க பிடிக்கிறதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எல்லாத்தையும் பிடிக்க முடியாது, தெரியும். பாதி ஆவியாகும், பாதி கடலுக்குப் போகும். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு 2003ல கொண்டு வந்தாங்க. நல்ல வேலை, அந்த நேரத்துல நிலத்தடி நீர் ஏறவும் செஞ்சுது. இப்போ எங்க தெருவுல நடந்து பாருங்க. மொட்டை மாடியிலேர்ந்து குழாய் இறங்கும், கீழ குழி இருந்த இடத்துல டைல்ஸ் போட்டு பைக் நிறுத்தியிருப்பாங்க. குழாய் இருக்கான்னு பார்க்கிறதுக்குச் சட்டம் இருக்கு. குழிக்குள்ள எவ்வளவு தண்ணி இறங்குதுன்னு யாரும் பார்க்கல. மறுபடியும் அதே பிரச்சினை.

2015 டிசம்பர்ல வெள்ளம், 2019 ஜூன்ல பஞ்சம். நடுவுல மூணரை வருஷம்தான். "இயற்கை"ன்னு சொல்லிட்டுத் தப்பிக்க முடியாத அளவுக்குக் கிட்டக் கிட்ட.

"அதுக்குத்தான் கடல் தண்ணி திட்டம் வந்துடுச்சே"ன்னு என் கிளாஸ் பசங்க சொல்றாங்க. உண்மைதான். மீஞ்சூர்ல 2010லேர்ந்து தினம் 10 கோடி லிட்டர், நெம்மேலியில 2013லேர்ந்து 10 கோடி, 2024ல நெம்மேலியில இன்னொரு 15 கோடி, பேரூர்ல 40 கோடி லிட்டர் திட்டம். இதுல முதல் ரெண்டும் இல்லன்னா 2019 இன்னும் மோசமா இருந்திருக்கும், நான் மறுக்கல. ஆனா கடல் தண்ணிய ஆர்.ஓ. பண்ண ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூணுலேர்ந்து நாலு யூனிட் கரண்ட் வேணும். 10 கோடி லிட்டருக்கு மூணு, நாலு லட்சம் யூனிட், தினமும். இவ்வளவு செலவு பண்ணி உப்பை எடுத்த தண்ணிய, எங்க ஒழுகுதுன்னே தெரியாத பழைய குழாய்ல விடுறோம். ஓட்டைக் குடத்துல பாலை ஊத்துற மாதிரி.

மீஞ்சூர்னு சொன்ன உடனே என் ஃப்ரெண்ட் ஞாபகம் வருது. பேர் வேணாம்னு சொல்லிட்டா. அவ ஊர் அந்தப் பக்கம்தான். ஆரணியாறு, கொசஸ்தலையாறு ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த மண்ணுக்கு அடியில நல்ல ஊத்துத் தண்ணி இருந்த காலம் உண்டு. 1960கள்ல ஆய்வு பண்ணி, அங்கே வரிசையா ஆழ்துளைக் கிணறு போட்டு, சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணி எடுத்தாங்க. விவசாயமும் எடுத்துச்சு. எடுத்த வேகத்துக்கு மழை நிரப்பல, கடல் நிரப்பிச்சு. கடல் தண்ணி நிலத்துக்கு அடியில பல கிலோமீட்டர் உள்ள வந்துடுச்சு. அவ தாத்தா காலத்துல கிணத்துல இறங்கி அள்ளிக் குடிச்ச தண்ணி, இன்னைக்கு நாக்குல வெச்சா கரிக்குதாம். நெல் போட்டுட்டு இருந்த நிலத்துல அவ அப்பா இப்போ எதுவும் போடுறது இல்ல.

யோசிச்சுப் பாருங்க. மீஞ்சூர்ல இருந்த நல்ல தண்ணிய எடுத்து அந்த இடத்தை உப்பாக்கினோம். அப்புறம் அதே மீஞ்சூர்ல கோடிக்கணக்குல செலவு பண்ணி உப்புத் தண்ணிய நல்ல தண்ணி ஆக்குறோம். இதை அவதான் என்கிட்ட சொன்னா, ரொம்ப சாதாரணமா, மெஸ்ல தோசை சாப்பிட்டுக்கிட்டே.

சரி, இப்போ குழாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கலாம். இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க. ஊர் முழுக்க 24 மணி நேரமும் தண்ணி விடுறது இல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, தினம் ஓரிரு மணி நேரமோ. "தண்ணி கம்மியா இருக்கு, அதனால கொஞ்ச நேரம் விடுறாங்க"ன்னு நாம நினைக்கிறோம். நான் சொல்றேன், கொஞ்ச நேரம் விடுறதே தண்ணிய வீணாக்குது. எப்படின்னா, தண்ணி எப்போ நிக்கும்னு தெரியாததால எல்லாரும் பிடிச்சு வைக்கிறாங்க. மறுநாள் புதுத் தண்ணி வந்ததும் பழசைக் கீழ கொட்டுறாங்க. காசு இருக்கிறவங்க வீட்டுல தரைக்கு அடியில பெரிய சம்ப். குழாய் அந்தச் சம்ப்புக்குள்ள இறங்குறதால அழுத்தம் இல்லாட்டியும் தண்ணி தானா விழும். இன்னும் சிலர் குழாய்லயே நேரா மோட்டார் வெச்சு உறிஞ்சுவாங்க. அது சட்டப்படி தப்பு, ஆனா சத்தம் கேட்குதே தெரு முழுக்க. தெருக் கோடியில இருக்கிற, சம்ப் கட்ட இடமில்லாத காம்பவுண்டு வீட்டுக்கு மிச்சம் காத்து. எங்க அம்மா அடிச்ச காத்து இதுதான்.

அதை விட மோசம் ஒன்னு இருக்கு. மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள்ள அழுத்தம் வெளிய இருக்கிறதை விட கம்மியாகும். தண்ணி நின்ன பிறகு குழாய் காலியா கிடக்கும்போதும் அதே கதை. பல தெருக்கள்ல பக்கத்துலயே சாக்கடைக் குழாய் ஓடுது. ஜாயிண்ட்ல சின்ன இடைவெளி இருந்தா போதும், வெளியில இருக்கிறது உள்ள வரும். காலையில முதல் அஞ்சு நிமிஷம் தண்ணி மஞ்சளா, நாத்தமா வருதே, அது இதனாலதான். குழாய் எப்பவும் அழுத்தத்தோட நிரம்பி இருந்தா ஓட்டை வழியா தண்ணி வெளியதான் போகும், அழுக்கு உள்ள வராது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ரெண்டாவது யூனிட்லயே இதுக்கான விஷயம் இருக்கு. நாம அதை 13 மார்க் கேள்வியாத்தான் பார்த்தோம்.

அந்த நாத்தத்துக்குப் பயந்துதான் கேன் வாங்குறோம். 20 லிட்டர் கேன் 35 ரூபாய்னு வெச்சுக்கிட்டா ஆயிரம் லிட்டர் 1,750 ரூபாய். "தண்ணிக்கு மீட்டர் போட்டுக் காசு வாங்குறது அநியாயம்"னு சொல்ற அதே வீடு இதைக் கேள்வி கேட்காம கொடுக்குது. எங்க காம்பவுண்டுலயும்தான். லாரிக்கும் கேனுக்கும் கொடுத்த காசைக் கூட்டினா, எங்க ஆறு போர்ஷனும் அந்த வருஷம் தண்ணிக்குக் கொடுத்தது எந்த மீட்டர் பில்லை விடவும் அதிகமா இருந்திருக்கும். ஏழைங்க ஏற்கனவே தண்ணிக்குக் காசு கொடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க, ரசீது மட்டும்தான் இல்ல.

மீட்டர் வெச்சா என்ன ஆகும்னு பார்க்க ஐரோப்பா போக வேணாம். கம்போடியா போதும். போர், படுகொலை எல்லாம் முடிஞ்சு எழுந்து நின்ன ஊர் நோம் பென். 1993ல அங்கே தண்ணி வாரியத்துக்கு எக் சொன் சான்னு ஒரு இன்ஜினியர் தலைவரா வந்தாரு. அப்போ ஊருக்குள்ள விட்ட தண்ணியில நூத்துக்கு 72 பங்கு கணக்குல வராம போயிட்டு இருந்துச்சு. ஒழுகல், திருட்டு, லஞ்சம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான் தண்ணி. அவர் பண்ணது பெரிய அணை கட்டினது இல்ல. வீடு வீடா கணக்கெடுத்து, எல்லா இணைப்புக்கும் மீட்டர் போட்டு, திருட்டு இணைப்பை வெட்டி, உள்ளுக்குள்ள லஞ்சம் வாங்கினவங்களை வெளிய அனுப்பினாரு. பில் கட்ட மறுத்த ஒரு ராணுவ அதிகாரியோட வீட்டு இணைப்பை வெட்டப் போனப்போ, துப்பாக்கியை நீட்டி மிரட்டினாங்களாம். மறுபடி போய் வெட்டிட்டுத்தான் வந்தாரு. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்துல சலுகை, தவணை. பதினஞ்சு வருஷத்துக்குள்ள இழப்பு நூத்துக்கு ஆறு பங்கு அளவுக்கு இறங்கிச்சு, 24 மணி நேரமும் தண்ணி. 2006ல அவருக்கு மகசேசே விருது கிடைச்சுது. நம்ம நாட்டுலயும் ஒடிசாவுல புரி நகரத்துல 2021லேர்ந்து குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம்னு அறிவிச்சுக் கொடுத்துட்டு இருக்காங்க. புரி சின்ன ஊர், சென்னை பெருசு, ஒத்துக்கிறேன். ஆனா நோம் பென் தலைநகரம்.

இப்போ அந்த ஏழைங்க கேள்வி. மீட்டர்னா எல்லாருக்கும் விலைன்னு அர்த்தம் இல்ல. டெல்லியில 2015ல மீட்டர் இருக்கிற வீட்டுக்கு மாசம் 20,000 லிட்டர் வரைக்கும் இலவசம்னு கொண்டு வந்தாங்க. இலவசமா கொடுக்கவும் மீட்டர் வேணும்ங்கிறதுதான் அதுல எனக்குப் பிடிச்சது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறதுதான் நம்ம நகரங்களுக்கான திட்ட அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு மாசம் 16,200 லிட்டர் வருது. அது வரைக்கும் இலவசமாவே இருக்கட்டும். அதுக்கு மேல காரைக் கழுவுறதுக்கும் புல்வெளிக்கும் போனா, ஏறுவரிசையில விலை வைங்க.

ஆனா இதுல ஒரு குழி இருக்கு, அதை மறைக்க மாட்டேன். எங்க காம்பவுண்டு மாதிரி ஆறு குடும்பத்துக்கு ஒரே இணைப்பு இருந்தா, மீட்டர் அதை ஒரே வீடாத்தான் பார்க்கும். ஆறு குடும்பமும் சிக்கனமா இருந்தாலும் மொத்தத்தைக் கூட்டினா பணக்கார வீட்டு ரேட் விழும். அதை வீட்டு ஓனர் வாடகையோட சேர்த்து ஆயாகிட்ட வாங்குவாரு. அப்படி ஒரு திட்டம் வந்தா நானே எதிர்த்து எழுதுவேன். அதனால இணைப்பை எண்ணாம குடும்பத்தை எண்ணணும், ரேஷன் கார்டுல எண்ணுற மாதிரி. கஷ்டமான வேலைதான். தண்ணியே வராத இடத்துல மீட்டர் மாட்டினா காத்துக்கும் சுத்தும்ங்கிறது இன்னொரு பிரச்சினை (நிஜமாவே சுத்தும், லேப்ல பார்த்திருக்கேன்). அதனால முதல்ல தெரு அளவுல, பகுதி அளவுல பெரிய மீட்டர். இந்தப் பகுதிக்குள்ள எவ்வளவு போச்சு, வீடுகளுக்கு எவ்வளவு வந்துச்சு, வித்தியாசம் எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடி. அழுத்தத்தைச் சரி பண்ணு. அப்புறம் பில். இந்த வரிசையை மாத்தினா மக்கள் மீட்டரை உடைப்பாங்க, நானும் கல் எடுத்துக் கொடுப்பேன்.

கழிவு நீர் பத்தி ஒரே ஒரு வார்த்தை. நாம பயன்படுத்துறதுல கிட்டத்தட்ட 80 சதவீதம் சாக்கடையாத்தான் வெளிய போகுது. கொடுங்கையூர்லயும் கோயம்பேட்டுலயும் 2019லேர்ந்து தலா நாலரைக் கோடி லிட்டர் சுத்திகரிச்சுத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிற நிலையம் இருக்கு. பேட்டரிக்கும் பாய்லருக்கும் ஏரித் தண்ணி எதுக்கு? அதைப் பத்தி அடுத்த இதழ்ல வேற யாராவது எழுதுங்க, எனக்கு இடம் பத்தாது.

கடைசியா நம்ம ஹாஸ்டல். நீங்க எந்த பிளாக்ல இருந்தாலும் காலையில ஆறு மணிக்கு ரிவர்ஸ் கியர் பாட்டோட லாரி வர்ற சத்தம் கேட்டிருப்பீங்க. அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு போன மாசம் டிரைவர் அண்ணாகிட்ட கேட்டேன். "ஒரு வயல்ல இருந்துமா. நெல்லு போட்டா நஷ்டம், இது தினம் காசு"ன்னாரு. எந்த ஊருன்னு சொல்லல. என் ஃப்ரெண்ட் பக்கத்துலதான் நின்னா. அவ எதுவும் பேசல, பக்கெட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

அன்னைக்குச் சாயந்திரம் எங்க மாடி பாத்ரூம்ல ஓயாம ஒழுகுற ஃப்ளஷ் டேங்குக்குக் கீழ ஒரு லிட்டர் மக் வெச்சுப் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்துல நிரம்பிச்சு. ஒரு நாளைக்கு 720 லிட்டர். ஆளுக்கு 135ன்னா அஞ்சு பேரோட ஒரு நாள் தண்ணி, ஒரே ஒரு டேங்குல, யாரும் தொடாமலே. 2019ல எங்க காம்பவுண்டுல ஒரு வீட்டுக்குக் கிடைச்சது ஏழு, எட்டு குடம். அந்த மக்கைக் கையில வெச்சுக்கிட்டு நின்னப்போ எனக்கு ஆயாவோட நெத்தித் தழும்புதான் ஞாபகம் வந்துச்சு. இத்தனைக்கும் மூணு வருஷமா அதே டேங்க் ஒழுகுறதைப் பார்த்துக்கிட்டே பல் தேய்ச்சவ நான். கம்ப்ளெயிண்ட் புக்ல ஒரு தடவை கூட எழுதல.

வார்டன் மேடம்கிட்ட பேசியாச்சு. "மீட்டர் எல்லாம் மேனேஜ்மெண்ட் முடிவு, பார்க்கலாம்"னாங்க. பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு நாலாவது வருஷத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஆனா நம்ம ஃப்ளூயிட் மெஷின்ஸ் லேப்ல பழைய வாட்டர் மீட்டர் ரெண்டு சும்மா கிடக்குது. லேப் சார் ஒன்னைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கச் சொல்லிட்டாரு. பிளம்பர் அண்ணா ஞாயித்துக்கிழமை வந்து மாட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காரு, ஒரு பிரியாணி பேசி முடிச்சிருக்கோம். சி பிளாக் மேல்நிலைத் தொட்டிக்குப் போற குழாய்ல மாட்டப் போறோம். ரீடிங்கை தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மெஸ் போர்டுல எழுதிப் போடுவோம். கூடவே எந்தெந்த மாடியில எந்த டேங்க் ஒழுகுதுன்னு ஒரு லிஸ்ட் எடுக்கணும், அதுக்குத்தான் ஆள் வேணும். ஞாயிறு காலை ஏழு மணி, சி பிளாக் படிக்கட்டு. டார்ச் இருந்தா எடுத்துட்டு வாங்க, மாடியில லைட் எரியல.